சம்பளத்துக்கு வந்த பூனை

சிவசங்கர் எனக்குத் தரவேண்டியது நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மூன்று மாதச் சம்பளமும், அதற்குமேல் பார்த்த ஓ.டி.யும் சேர்த்து. அவர் லேபர் காண்ட்ராக்டர். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்கு எங்களை ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கம்பெனி காண்ட்ராக்டை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டது. அது எங்களுக்குத் தெரியாது. காலையில் கேட்டில் அட்டையைக் காட்டினோம், சிவப்பு விளக்கு எரிந்தது. முந்தின நாள்வரை எங்களிடம் டீ வாங்கிக் குடித்த செக்யூரிட்டி, "ஓரமா நில்லுங்கம்மா, வண்டி வருது" என்றான். பதினோரு வருஷ வேலை அப்படித்தான் முடிந்தது.

"கம்பெனிக்காரன் பில்லு பாஸ் பண்ணல மரகதம். பண்ண ஒடனே மொதல்ல உனக்குத்தான்" என்றார் சிவசங்கர் போனில்.

மொதல்ல என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். என்னோடு வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் அவர் ஆபீஸ் வாசலில் போய்க் கத்தினார்கள். நான் போகவில்லை. கத்துகிறவளை யார் முதலில் வைப்பார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பணத்துக்கு ஒரு வழி வைத்திருந்தேன். இருங்காட்டுக்கோட்டையில் நான் குடியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கம்பெனி பஸ்கள் வந்து நிற்கிற முனையில், தாண்டவராயன் இட்லி வண்டி போட்டிருந்தார். முட்டி தேய்ந்துபோய் அவரால் நிற்க முடியவில்லை. வண்டி, அடுப்பு, இட்லிக் குண்டான், எல்லாவற்றையும்விட வண்டி நிற்கிற அந்த இடம், மொத்தமாக நாற்பத்தைந்தாயிரம் கேட்டார்.

"இன்னாமே, வைகாசி முடியறதுக்குள்ள துட்ட வெச்சிட்டு வண்டியத் தள்ளினு போ. அதுக்குமேல நான் தாங்கமாட்டேன். ஆளுங்க கேட்டுகினே கீறாங்க."

"வெச்சிட்றேண்ணா. வேற யாருக்கும் வாக்கு குட்த்துடாத."

சீட்டு எடுத்த பதினைந்தாயிரம் கையில் இருந்தது. மிச்சம் சிவசங்கரிடம் இருந்தது. அடுத்தவர் நடந்த தரையை அவர் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போகிற வேலையை எவ்வளவு காலம்தான் செய்வது? நான் செய்து வைத்ததை ஒருத்தர் நின்று சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

சித்திரைக் கடைசியில் சிவசங்கர் போனை எடுப்பதை நிறுத்தினார். படப்பையில் புது மனைப் பிரிவில் அவர் வீடு. நேராகப் போனேன். கேட் திறந்தே கிடந்தது. கூடத்தில் ஒன்றும் இல்லை. டிவி இருந்த சுவரில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. சிவசங்கர் பனியனோடு தரையில் உட்கார்ந்திருந்தார். பொய் சொல்லவில்லை, மனுஷன் உண்மையிலேயே போண்டிதான். வீட்டை பேங்க்காரன் பூட்ட வருகிறான் என்றார்.

"இப்ப வந்து நிக்கிறியே மரகதம். நேத்தே எல்லாரும் வந்து ஆளுக்கு ஒண்ணாத் தூக்கினு போய்ட்டாங்க."

"இன்னாத்த சார் தூக்கினு போனாங்க?"

"ஏசி, டிவி, பிரிட்ஜு, கட்டிலு, வாசிங் மெசினு. சம்பளத்துக்கு பதிலா. நான் இன்னா பண்ண முடியும்? ஏசிய லூர்தம்மாள் கழட்டினு போனா."

லூர்தம்மாள் என்னோடு ஒரே லைனில் பக்கெட் தள்ளியவள். ஏசி மாட்டுவதற்குச் சுவர்கூட ஒழுங்காக இல்லாத வீடு அவளுடையது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிச்சம் இரண்டுதான் இருந்தன. ஒன்று, நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின். இன்னொன்று, சோபா இருந்த இடத்தில் படுத்திருந்தது. அது பூனை என்று எனக்கு முதலில் தெரியவில்லை. ஆட்டுக்குட்டி அளவு இருந்தது. கழுத்தைச் சுற்றி மப்ளர் போட்டதுபோல மயிர், காது நுனியில் குஞ்சம். கம்பெனியில் கண்ணாடித் தடுப்புக்கு நாங்கள் வைத்திருந்த டஸ்டர் மாதிரி வால்.

"மெய்ன் கூன்னு பேரு. பெங்களூர்ல அறுபத்தஞ்சாயிரம் குட்த்து வாங்கினது" என்றார். "தூக்கினு போய் வித்துக்கோ. உன் கணக்குக்கு மேலயே வரும். வர்றத நீயே வெச்சுக்கோ."

"அந்த ஓட்ற மிசினு?"

"மோட்டார் அவுட்டு. பழைய இரும்புக்காரன் எடுப்பான்."

நான் எழுத்துக்கூட்டிப் படிக்க நாற்பது வயது ஆயிற்று. கணக்கு எனக்கு எப்போதும் வரும். பூனை என்றேன்.

அவர் மனைவி சசிரேகா உள்ளேயிருந்து ஒரு கூடையோடு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. பூனையைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு என்னிடம் பேசாமல் அதனிடம் பேசுவதுபோலப் பேசினாள்.

"எத்தன ஜாதி பாத்து உன்ன எடுத்தேன். பெர்சியன் வேணாம், மூஞ்சி சப்ப, கண்ணுல தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கும்னாங்க. இதுதான் ஆளு பெருசு, கொணம் கொழந்தன்னாங்க. பின்னாலயே சுத்தி வரும்னாங்க. அவரு எந்நேரமும் சைட்டுல. எனக்குப் பேச்சுக்கு நீதான் இருந்த ஜமீனு."

பெயர் ஜமீன். அந்த வீட்டில் ஜமீன் மாதிரி நடந்ததாம்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மரகதம், தெனமும் சீவணும். மேல மட்டும் சீவாத. அக்குளு, வயிறு, தொட இடுக்கு, அடி மயிரு வரைக்கும் சீப்பு போவணும். பால் குடுக்காத, வயித்தால போவும். கோழிய உப்பு போடாம வேகவெச்சுக் குடு. வெயிலு தாங்காது, ஏசி…" என்று நிறுத்தினாள்.

"ஏசி லூர்தம்மாள் வூட்ல கீது" என்றேன்.

இரும்புச் சீப்பு ஒன்றைக் கூடைக்குள் போட்டாள். நான் கிளம்பினேன். சிவசங்கர் வாசல்வரை வந்து, "நம்ம கணக்கு நேராயிடுச்சு, ஆமா?" என்றார். "வித்தா நேரு சார்" என்றேன்.

ஷேர் ஆட்டோக்காரன் கூடைக்கும் டிக்கெட் கேட்டான்.

"பூனைக்கா?"

"பூனையாமே அது? ஒரு ஆளு எடத்த அடச்சினு குந்திகினு கீது."

கொடுத்தேன். அறுபத்தைந்தாயிரத்தை மடியில் வைத்துக்கொண்டு பத்து ரூபாய்க்குச் சண்டை போட வாய் வரவில்லை.

என் அறை வரிசை வீட்டில் கடைசி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பக்கத்து அறையில் பூமாரி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, செல்போன் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்கிறவள். கூடையைத் திறந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"யக்கா, பூனைன்னுட்டு கரடிக்குட்டியத் தூக்கிட்டு வந்திருக்கிய?"

"அறுபத்தஞ்சாயிரம்டீ."

"ஒரு வருசத்துல நான் ஊருக்கு அனுப்புத காசு இது. வந்து படுத்துக் கெடக்கு பாருங்க."

அவள்தான் போட்டோ எடுத்துப் போனில் விற்பனைக்குப் போட்டாள். முதலில் தாம்பரத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டான். பூனைகளை இனம் சேர்த்துக் குட்டி விற்கிறவன். ஜாதிக் காகிதம் இருக்கிறதா என்றான். இல்லை. குட்டி கொடுக்காதபடி விதை அறுத்தாகிவிட்டதா என்றான். பூமாரி வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அறுத்தாச்சுண்ணே" என்றாள்.

"அப்ப எனக்கு வேணாம்மா. குட்டிக்குத்தான் அந்த ரேட்டு. இது சும்மா அழகு பாக்கத்தான்."

போனை வைத்துவிட்டுப் பூமாரி சொன்னாள்: "மூஞ்சியப் பாத்துக் காசு குடுக்கவன் வந்தாத்தான் உண்டு. நல்லவேள நம்மள விக்கல."

மூஞ்சியைப் பார்த்துக் காசு கொடுக்கிறவளும் வந்தாள். அமலா என்று பெயர். ஸ்ரீபெரும்புதூரில் அடுக்கு மாடி வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் கம்பெனியில் பெரிய வேலை. போட்டோவைப் பார்த்துவிட்டு, முப்பதாயிரம் என்றாள். "இதே மாதிரி இருந்தா கைல குடுத்துடறேன். ஊருக்குப் போறோம், திரும்பி வந்த ஞாயித்துக்கிழம வரோம்."

முப்பதும் பதினைந்தும் நாற்பத்தைந்து. வைகாசி பாதிதான் போயிருந்தது. தாண்டவராயனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். "பூன வித்தா வண்டி வாங்கப் போற?" என்று சிரித்தார். "சிரிண்ணா, சிரி" என்றேன்.

அதுவரை அதைக் காப்பாற்றவேண்டும். கத்திரி வெயில். பகலில் ஷீட்டுக்குக் கீழே நின்றால் உச்சந்தலை வேகும். ஜமீன் நாயைப்போல வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நான் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் காலையில் கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போவதற்கு முன் துண்டை நனைத்து அதன்மேல் போர்த்துவேன், வந்ததும் மறுபடி நனைத்துப் போடுவேன். இருந்த ஒரே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். எனக்கு வாங்காத கோழி அதற்கு வாங்கினேன். எல்லாம் வண்டிக்காக என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் ஹாஸ்டலிலிருந்து நான் வரும் சத்தம் கேட்டால் கதவுக்குப் பின்னால் வந்து நிற்கப் பழகியிருந்தது. அதைப்பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை.

தினமும் சீவினேன். முதுகிலும் கழுத்திலும் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். அக்குள் பக்கம் கொண்டுபோனால் உறுமும். முப்பதாயிரத்தைக் கோபப்படுத்தக்கூடாது என்று விட்டுவிடுவேன். மேலே பளபளவென்று இருந்தது. அது போதும் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அதை மல்லாத்திப் பார்த்தேன். வயிறும் அக்குளும் தொடை இடுக்கும் ஒரே கட்டி. கழுவாமல் காயவைத்த மாப்புக் கயிறு ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளுமே, அப்படி. நான் போர்த்திய துண்டின் ஈரமெல்லாம் அடி மயிரில் இறங்கிக் காய்ந்து கட்டியாகியிருந்தது. சீப்பு ஒரு பல்கூட உள்ளே போகவில்லை.

சிக்கு விழுந்த தலைக்கு என்ன செய்வோம்? எண்ணெய் வைப்போம். நானும் அதைத்தான் செய்தேன். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, ஒவ்வொரு கட்டியாக விரலால் பிரித்தேன். கொஞ்சம் இளகியது. இளகியதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. மேலே பளபளப்பும் கூடட்டும் என்று முதுகு, வால் எல்லாம் தடவினேன். பாட்டில் முக்கால்வாசி தீர்ந்தது. பிறகு சீயக்காய் கரைத்துக் குளிப்பாட்டினேன். அது என் முழங்கையைக் கிழித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. மனுஷத் தலையில் போகிற எண்ணெய் அந்த மயிரில் போகவில்லை. சீயக்காய்த் தூள் அதில் ஒட்டிக்கொண்டு பச்சையாக நின்றது. அதன் கண் சிவந்துவிட்டது. இருக்கிற எண்ணெயை எல்லாம் அது நக்கி நக்கி உள்ளே இறக்கியது. விடிவதற்குள் வயிற்றால் போக ஆரம்பித்துவிட்டது.

காலையில் பூமாரி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாள். "யக்கா! குளிப்பாட்டுவியன்னு பாத்தா தாளிச்சில்ல வச்சிருக்கிய!"

அமலா புருஷனோடு காரில் வந்தாள். வரிசை வீட்டுக் குழந்தைகள் காரைச் சுற்றி நின்றன. கட்டிலுக்கு அடியிலிருந்து நான் இழுத்துக் காட்டியதும் அவள் ஒரு எட்டு பின்னால் போனாள்.

"போட்டோல இருந்தது இதுவா?"

"எண்ணெ போனா அதே மாதிரி ஆயிடும் மேடம். ரெண்டு தண்ணி ஊத்தினா…"

"எண்ணெயா? பூனைக்கு யாராவது எண்ணெ வெப்பாங்களா?"

"சிக்கு எடுக்க வெச்சேன் மேடம்."

அவள் குனிந்து அதன் கண்ணைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள். "இது கொடுமம்மா. இந்த ஷீட்டுக்குக் கீழ இத வெச்சிருக்கறதே கொடும. இந்த நெலமைல காசெல்லாம் பேச முடியாது. எங்ககிட்ட குடுத்துடுங்க. டாக்டர்ட்ட காட்டிப் பாத்துக்கறோம். அதுக்கே எவ்ளோ ஆகுமோ."

"சும்மா குடுக்கச் சொல்றீங்களா மேடம்?"

"அது நல்லா இருக்கணும்னு உங்களுக்கு இல்லையா?"

"இந்த ஷீட்டுக்குக் கீழ நான் இருபது வருசமா கீறேன் மேடம். கொடுமன்னு சொல்லி யாரும் என்னத் தூக்கினு போக கார் எட்த்துகினு வரல."

"கம்ப்ளெயின்ட் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றான் புருஷன்.

பூமாரி அவள் வாசலிலிருந்தே சொன்னாள்: "குடுங்க சார். யக்காவுக்குச் சம்பளம் குடுக்காதவன் மேலயும் சேத்துக் குடுத்துருங்க. ஒரே பேப்பர்தான."

கார் போய்விட்டது. காரோடு முப்பதாயிரமும் போனது. மண்ணில் டயர்த் தடத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே அது குமட்டுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் ஹாஸ்டலுக்கு லீவு சொல்லிவிட்டு அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, ஒரு ஆடு. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தார், அடியில் தோல் புண்ணாகியிருந்தது. "வேற வழியில்லம்மா. வழிச்சிடணும்."

ஊசி போட்டு அசையாமல் படுக்க வைத்து மெஷினால் வழித்தார்கள். பாய் சுருட்டுவதுபோல மயிர் மொத்தமாகக் கழன்று வந்தது. தலையும் வால் நுனிக் குஞ்சமும் மட்டும் விட்டார்கள். நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு சின்ன உடம்பு. அவ்வளவு பெரிய பூனைக்கு உள்ளே இவ்வளவுதான் இருந்தது. அறுபத்தைந்தாயிரம் தரையில் கிடந்தது. துடைப்பம் எங்கே என்று கேட்டு நானே கூட்டி அள்ளினேன்.

வைகாசி முடிய இரண்டொரு நாள் இருக்கும். இன்னும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லலாம் என்று வண்டிக்குப் போனேன். தாண்டவராயன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். வண்டிக்குப் பின்னால் லூர்தம்மாள் நின்று இட்லித் துணியை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாள் இருக்குதேண்ணா" என்றேன்.

"அவ முழுத் துட்டையும் கொண்டாந்து கைல வெச்சிட்டாமே. நீ பூனைய வெச்சினு கீற. நான் இன்னா பண்றது?"

ஏசியை விற்று, கம்மலை அடகு வைத்து வாங்கினாளாம். இந்த வண்டி விலைக்கு வருகிறது என்று அவளிடம் சொன்னவள் நான்தான். பாத்ரூம் கழுவிக்கொண்டே எத்தனை தரம் சொல்லியிருப்பேன், மிளகாய்ப் பொடிக்கு எள்ளு வறுத்துப் போடவேண்டும் என்பதுவரை.

"இன்னா மரகதம் அப்டிப் பாக்குற? கத்த வாடின்னு எல்லாரும் கூப்ட்டாங்க. நீ வரல. வந்திருந்தா ஏசி உனுது" என்றாள் லூர்தம்மாள். தட்டில் நான்கு இட்லி வைத்து நீட்டினாள். "துன்னு."

சாப்பிட்டேன். பொடியில் எள்ளு இருந்தது. காசு கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆனியில் ஒரு சாயங்காலம் சசிரேகா வந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அட்டைப் பெட்டிக் கம்பெனியின் நீலக் கோட்டு, காலில் ரப்பர் செருப்பு. வாலாஜாபாத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு தனியாக இருக்கிறாளாம். சிவசங்கர் ஓசூர் பக்கம் போகிறேன் என்று போனவர்தான்.

நான் பேசுவதற்குள் ஜமீன் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து அவள் காலைச் சுற்றியது. மயிர் விரல் கணு உயரம்கூட வளர்ந்திருக்கவில்லை. அவள் குனிந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போனது.

"என்னக்கா பண்ணிட்டீங்க?"

அக்கா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

"நீ சொன்னத செய்யல. நான் நெனச்சத செஞ்சேன்."

தரையில் உட்கார்ந்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். அது கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள் மோட்டார் ஓட்டியது. என்னிடமும் அப்படி ஓட்டியிருக்கிறது, இவ்வளவு சத்தமாக இல்லை.

"இவன நான் எடுத்துக்கிட்டுப் போவட்டுமாக்கா? எனக்கு அந்த ரூம்ல யாருமில்ல. காசில்லாம கேக்கல. மாசம் ரெண்டாயிரம் தரேன். அவரு தரவேண்டியது மொத்தமும் நான் தந்துடறேன். சம்பளம் வந்த ஒடனே மொதல்ல உங்களுக்குத்தான்…"

"நிறுத்து."

அவள் திடுக்கிட்டுப் போனாள். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"தரேன்னு மட்டும் சொல்லாத. உன் புருசன் அதான் சொன்னான். சொன்னா நான் காத்துகினு இருப்பேன். என் புத்தி அப்படி. மாசம் பொறந்தா இன்னிக்கு வருவியா நாளைக்கு வருவியான்னு வாசலையே பாத்துகினு கெடப்பேன். காத்துகினு இருந்ததுல எனக்கு வண்டி போச்சு. அட்டப் பொட்டி ஒட்டி நீ எனக்கு நாப்பதாயிரம் தரப் போறியா? உனக்கே சோறு பத்தாது."

"இல்லக்கா, நிச்சயமா…"

"வாயத் தொறக்காத சசிரேகா. எட்த்துகினு போ. கணக்கு முடிஞ்சிது. உனக்கும் எனக்கும் இல்ல, அவனுக்கும் எனக்கும் இல்ல."

அவளுக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். ஜமீனைக் கூடைக்குள் வைத்தாள். மாடத்திலிருந்த இரும்புச் சீப்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"வளர வளர அடி வரைக்கும் சீவு. நான் சீவல."

அவள் கூடையோடு ரோட்டுக்குப் போய் வாலாஜாபாத் பஸ்ஸுக்கு நின்றாள். பூமாரி ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"சும்மாவா குடுத்தனுப்புனிய யக்கா?"

"பின்ன? மயிரு வளர்ற வரைக்கும் கோழி வாங்கிப் போட்றதுக்கு உங்கப்பனா துட்டு தருவான்?"

சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

உள்ளே வந்து மேசை விசிறியை என் பக்கம் திருப்பினேன். போனை எடுத்து சிவசங்கர் பெயரைத் தேடினேன். எழுத்துக்கூட்டி நானே பதிந்து வைத்த முதல் பெயர் அது, ச-வுக்குக் கொம்பு மாட்டி 'செவசங்கர் சார்' என்று. அழித்துவிடவா என்று போன் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.